எடை மெஷின் பக்கத்துல ஒரு தட்டு

ஐயோ, சார், அதத் தூக்கிக் குப்பையில போட்டுடாதீங்க. ஆமா, பூட்டுதான். கல்லுதான். அது லாரி நட்டு கழட்டுற ஸ்பானர். எல்லாத்தையும் சரியாத்தான் பார்க்குறீங்க, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆனா தட்ட அப்படியே கீழ வச்சிடுங்க. பெரிய சிஸ்டர் மட்டும் இப்ப வெளியில வந்தாங்கன்னா உங்களையும் தட்டையும் சேர்த்து ஒரே பார்வையில... வச்சிட்டீங்களா? நல்லவரு.

உட்காருங்க சார். உங்க கார் டயர் மாத்தி முடிக்க இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். டிரைவரண்ணன் ஜாக்கி கேட்டு ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் போயிருக்காரு. வண்டியில ஜாக்கி இல்லாம ஏழு மணி நேரம் வந்திருக்கீங்க, எங்ககிட்ட மட்டும் தீயணைப்பான் எங்க, எங்கன்னு மூணு தடவை கேட்டீங்க. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.

நானா? பார்மசி கடைசி வருஷம் சார். யுனிவர்சிட்டியிலேருந்து இந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தவ. மூணு மாசம், முடிஞ்சா போயிடுவேன். இங்க என் பேரு வக்கீல். பெரிய சிஸ்டர் வச்ச பேரு. கையுறை ஏன் ரெண்டு ஜோடி போடணும், ஒண்ணு போதாதான்னு முதல் நாளே கேட்டேன், பாவம், அன்னிக்கு ஆரம்பிச்சது அவங்களுக்குத் தலைவலி. இப்ப நீங்க ஆய்வுக்கு வந்திருக்கீங்கல்ல, உங்ககிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. டீ வேணுமான்னு கேளு, அதோட நிறுத்திக்கன்னாங்க. டீ வேணுமா சார்? வேண்டாமா. சரி, உத்தரவ நிறைவேத்தியாச்சு. இப்ப பேசலாம்.

அந்தத் தாள மடிச்சு வைக்காதீங்க, கொஞ்ச நேரம் வெளியிலயே இருக்கட்டும். ஐம்பது கேள்வி. உங்க தோளுக்குப் பின்னாடி நின்னு நான் எண்ணிக்கிட்டே வந்தேன். நாப்பத்தொன்பதுக்கு டிக். ஒண்ணே ஒண்ணுக்குப் பெருக்கல் குறி. எடை பார்க்கும் இடம் தேவையற்ற பொருட்கள் இன்றி உள்ளதா. தட்ட எடுத்துடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்னீங்க. எங்க சிஸ்டர் எடுக்க மாட்டேன்னாங்க. நீங்க பேனாவ மூடிட்டீங்க, அவங்க வாய மூடிக்கிட்டு போன் பேசுற மாதிரி உள்ள போயிட்டாங்க. போன்ல யாரும் இல்ல சார், எனக்குத் தெரியும். கோவம் வந்தா அவங்க அப்படித்தான் ரிசீவரக் காதுல வச்சுக்கிட்டு நிப்பாங்க.

நீங்க ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அதோ அந்த பெஞ்சுல இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க? நாலு பேரு. நாளைக்கு கேன்சர் ஊசி போடுற நாள் அவங்களுக்கு. மருந்து நேத்தே வந்து இறங்கிடுச்சு, குளிர்பெட்டியில பூட்டி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையில இங்கயே, அந்த ரெண்டு சாய்வு நாற்காலியில. போடலைன்னா நகரத்துக்கு மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும். நீங்க வந்த அதே ரோடுதான். உங்களுக்கு ஒரு டயர் போச்சு, கூடவே இடுப்பும் போச்சுன்னீங்க. அவங்க அந்த ரோட்டுல உடம்புல மருந்த ஏத்திக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே திரும்பி வருவாங்க. அடுத்த ஆய்வு ஆறு வாரம் கழிச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு கணக்குப் போட்டா ஆளுக்கு ரெண்டு தடவை போய் வரணும்.

இல்ல, உங்களக் குத்தம் சொல்லல. சத்தியமா சொல்லல. இந்த மருந்த எங்க வேணா எப்படி வேணா குடுத்துட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஒரு துளி தவறினா சதையே வெந்து போகும். அதனாலதான் நீங்க ஒவ்வொண்ணா தட்டித் தட்டிப் பார்த்தது எனக்குப் பிடிச்சிருந்தது. மருந்து கலக்குற கண்ணாடி அலமாரியப் பார்த்தீங்கள்ல, உள்ள காத்த இழுத்துக்கிட்டே இருக்குமே? அது வந்த அன்னிக்கு நீங்க இருந்திருக்கணும். கதவு அகலம் பத்தல. அளவெடுத்தது யாருன்னு ஆளாளுக்கு அடுத்தவங்களக் கையக் காட்ட, மேஸ்திரி வந்து சுவத்த இடிச்சாரு. அந்த மூலையில மட்டும் பெயிண்ட் ஏன் புதுசா இருக்குன்னு கேட்டீங்களே, பராமரிப்புன்னு சொன்னேனே... அதுதான் அந்தப் பராமரிப்பு.

கூட்டுற அக்காவப் பார்த்தீங்களா? மருந்து கீழ சிந்தினா என்ன பண்ணுவீங்கன்னு நீங்க அவங்ககிட்ட கேட்டப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. உங்கள ரெண்டடி பின்னால தள்ளி நிக்கச் சொல்லி, எச்சரிக்கைப் பலகைய வச்சு, கையுறை, முகமூடி, அங்கி எல்லாத்தையும் மாட்டி, வெளியிலேருந்து உள்பக்கமா துடைச்சுக் காட்டினாங்க. உங்க ஷூவையும் சேர்த்துத் துடைச்சுட்டாங்க. சிவப்புச் சாயத் தண்ணிய ஊத்தி வாரத்துக்கு ரெண்டு தடவை பழகுறோம் சார். டாக்டர் துடைச்சா ரெண்டு சொட்டாவது மிஞ்சும், அக்கா துடைச்சா மிஞ்சாது. இதுக்கு முன்னாடி அவங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாங்க. அங்க இதே மருந்து சிந்துனதை வெறுங்கையால துடைக்க விட்டிருக்காங்க. வெறும் தண்ணிதான்னு சொல்லி! அங்க உங்கள மாதிரி ஒருத்தர் தாளும் கையுமா போயிருந்தா நான் மாலை போட்டு வரவேற்பேன்.

சரி சரி, குரல் ஏறிடுச்சு. இறக்கிக்கிறேன்.

தட்டுக்கு வர்றேன். இந்த மருந்த எதை வச்சு அளவு போடுறோம்? உங்களுக்கா தெரியாது, இருந்தாலும் சொல்றேன், எனக்குச் சொல்ல ஆசையா இருக்கு. உசரமும் எடையும். எடை தப்புன்னா அளவு தப்பு. அது மட்டுமில்ல, ஒருத்தர் மாசத்துக்கு மூணு கிலோ இறங்குறாருன்னா உடம்பு நமக்கு ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். சாப்பாடு இறங்கல, தாங்கல, கொஞ்சம் பொறுன்னு சொல்லுது. டாக்டர் அதக் கேட்டுட்டு அளவக் குறைப்பாரு, இல்ல ஒரு வாரம் தள்ளிப் போடுவாரு. சரிதானே?

தள்ளிப் போடுவாரு. அங்கதான் சார் எல்லாமே ஆரம்பிச்சது. நகரத்துல இருக்குறவங்களுக்கு அடுத்த வாரம் வாங்கன்னா அடுத்த வாரம் போகணும், அவ்வளவுதான். எங்க ஆளுங்களுக்கு? ஏழு மணி நேரம் பஸ்ல போயி, வரிசையில நின்னு, மெஷின்ல ஏறினா, எடை குறைஞ்சிருக்கு, இன்னிக்கு ஊசி இல்ல, போயிட்டு அடுத்த வாரம் வாங்க. இப்படி ரெண்டு தடவை திரும்பி வந்தவங்க மூணாவது தடவை என்ன பண்ணுவாங்க?

ஆமா. இடுப்புல ஸ்பானரச் சொருகிக்கிட்டுப் போவாங்க.

சிரிக்கிறீங்க பாருங்க! நானும் முதல்ல சிரிச்சவதான். அந்த ஈயக் குண்டுங்க இருக்கே, ஆத்துல வலை போடுறவரு ஒருத்தரோடது. வலை ஓரத்துல கட்டுறது. ரெண்டு காலுறைக்குள்ளயும் பன்னெண்டு பன்னெண்டு. டக் டக்குன்னு நடந்துட்டு வருவாராம், யாரும் கேக்கலையாம். அந்தப் பெரிய பூட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரோடது. பள்ளிக்கூடத்துக் கேட்டுப் பூட்டு. முப்பது வருஷம் பசங்க பாக்கெட்ட சோதனை போட்ட மனுஷன் சார் அவரு! ஸ்பானர் யாருதுன்னு நான் சொல்லவே வேண்டாம், அதோ பெஞ்சுல நகத்துல கிரீஸோட உட்கார்ந்திருக்காரே, பார்க்காதீங்க, கூச்சப்படுவாரு.

இவங்கள்ல ஒருத்தர் சொல்லி ஒருத்தர் செய்யல. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆளாளுக்குத் தனித்தனியா, தான் ஒருத்தர்தான் இப்படி ஒரு திருட்டுத்தனம் பண்றோம்னு நெனச்சுக்கிட்டே பண்ணியிருக்காங்க.

எப்படித் தெரிய வந்ததா? அது... ஒரு அம்மா சார். காய்கறிக் கடைக்காரர் வீட்டம்மா. தட்டுல அடியில ரெண்டு இரும்பு எடைக்கல்லு இருக்கு பாருங்க, ரெண்டு ரெண்டு கிலோ. அது அவங்களோடது. தூக்கிப் பாருங்க. இப்ப தூக்கலாம், நானே சொல்றேன்ல. கனமா இருக்கா? அத ஒரு துணிப்பையில போட்டு இடுப்பச் சுத்திக் கட்டிக்குவாங்க. அதுக்கு மேல ரெண்டு உடுப்பு. மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் தண்ணி. அம்பத்திரண்டு, அம்பத்திரண்டு, அம்பத்திரண்டுன்னு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு எடை. அங்க டாக்டர் பாராட்டினாராம். ரொம்ப நல்லா உடம்பப் பார்த்துக்குறீங்கம்மான்னு. உள்ள நிஜமா நாப்பத்தாறு.

அப்புறம் என்ன, முழு அளவு மருந்து. வாயெல்லாம் புண்ணு. தண்ணி இறங்கல. நடுவுல ஒரு செக்கப்புக்குப் போகணும், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காய்ச்சல். இந்த மருந்து ஏத்துனவங்களுக்குக் காய்ச்சல்னா ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி, உங்களுக்குத் தெரியும். அவங்க சொல்லவே இல்ல. காய்ச்சல்னு சொன்னா அடுத்த ஊசி தள்ளிப் போகுமே! பையக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, பஸ் படியில கால வச்சவங்க அப்படியே சரிஞ்சுட்டாங்க. கண்டக்டரும் இன்னொருத்தரும் இங்க தூக்கிட்டு வந்தாங்க. பெரிய சிஸ்டர் கட்டில்ல ஏத்தலாம்னு இடுப்பப் பிடிச்சா, இரும்பு! என்னடா இதுன்னு கத்தரிய எடுத்துப் பைய வெட்டினாங்க. லேசுல வெட்டவும் முடியல. ரெட்டைத் தையல். அப்படி ஒரு கெட்டித் தையல் போட்டுக் குடுத்திருக்கு எந்த மகராசியோ.

பொண்ணு சார். அவங்க பொண்ணு. படிச்ச பொண்ணுன்னு கேள்வி. மருந்து, அளவு, எடை எல்லாம் பரிட்சையில எழுதி மார்க் வாங்குன பொண்ணு. அவளுக்கு வாய் மட்டும் ஏழு ஊருக்கு. இப்படி அறிவுகெட்ட ஒரு வேலையப் பார்த்துட்டு, அம்மாவுக்கு உதவி பண்றோம்னு பெருமையா வேற இருந்திருக்கும் அது. அந்தப் பொண்ணு மட்டும் என் கையில கிடைச்சா... சரி விடுங்க.

பிழைச்சாங்க. பதினோரு நாள் அந்தக் கடைசி வார்டுல. சிஸ்டர் திட்டவே இல்ல, அதுதான் கொடுமை. வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு எடைக்கல்லத் திருப்பிக் குடுப்பாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் நிக்குறாரு, கடையில எடை போடக் கல்லில்ல. கல்லு இங்க எப்படி வந்துச்சுன்னு அவருக்கு அப்பதான் தெரியும். முப்பது வருஷக் கடையில பத்து கிராம் கூடக் கொறைச்சுப் போடாத மனுஷன், என் எடைக்கல்லா பொய் சொல்லுச்சுன்னு கேட்டுட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டாரு. அப்புறம், நீங்களே வச்சுக்குங்கன்னு சொல்லிட்டுப் போய் வேற கல்லு வாங்கிக்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் சிஸ்டர் ஒரு ஏற்பாடு பண்ணாங்க. நகரத்துக்குப் போறதுக்கு முந்தின நாள் எல்லாரும் இங்க வரணும். எடை, ரத்தம், காய்ச்சல் எல்லாம் இங்கயே பார்த்து, அந்த டாக்டருக்குப் போன்ல சொல்லி, ஊசி உண்டுன்னு அவரு சொன்னாத்தான் பஸ் ஏறணும். வீணா யாரும் போய்த் திரும்பக் கூடாது. அதுலேருந்து வளர்ந்ததுதான் இப்ப நீங்க பார்த்த இந்த ஊசி அறை. ஆனா முதல் நாள் ஒரு சிக்கல். இங்கயும் இடுப்ப நிரப்பிக்கிட்டுத்தானே வருவாங்க? சிஸ்டர் ரெண்டு எடைக்கல்லையும் ஒரு தட்டுல வச்சு மெஷின் பக்கத்துல வச்சிட்டாங்க. அவ்வளவுதான். முதல்ல வந்த மெக்கானிக் தட்டப் பார்த்தாரு. சிஸ்டரப் பார்த்தாரு. தலையச் சொறிஞ்சாரு. ஸ்பானர எடுத்து வச்சாரு. அடுத்தவரு ஸ்பானரப் பார்த்துட்டுக் காலுறையக் கழட்டினாரு. ஹெட்மாஸ்டர் மட்டும் வெளியில போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து, யாரும் பார்க்காதப்ப பூட்ட வச்சிட்டுப் போனாரு.

யாருதுன்னு யாரும் கேக்கக் கூடாது. இங்க அது ஒரு சட்டம். சிகிச்சை முடியுற அன்னிக்கு அவங்கவங்க பொருள அவங்கவங்க எடுத்துக்கலாம். ஹெட்மாஸ்டருக்குப் போன மாசமே முடிஞ்சுது. பூட்ட எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. புதுசா வர்றவங்க பார்க்கட்டும், இருக்கட்டும்னாரு.

என்ன, அறிவிப்புப் பலகையா? வைக்கலாமே. நகரத்துல இருந்துச்சு சார், மூணு மொழியில, சிவப்பு எழுத்துல. எடை பார்க்கும்போது கனமான பொருட்களை அகற்றவும். அந்தக் கடைக்கார அம்மா அத முழுசா படிச்சுட்டுத்தான் ஏறுவாங்களாம். அலமாரியில வைக்கலாமா? எடுத்து உள்ள வச்சா அது பறிமுதல் பண்ண சாமான் ஆயிடும். வெளியில இருந்தா, அட, நம்மள மாதிரிதான் எல்லாரும்னு தோணும். உடுப்ப மாத்தி ஆஸ்பத்திரி கவுன் மாட்டி விடலாம்தான், அதுவும் இருக்கு, பதினெட்டாவது கேள்வி, டிக் போட்டீங்க. ஆனா பயந்தவங்க எங்கயாவது ஒளிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க, தண்ணியக் குடிச்சுட்டு வந்தா கவுன் என்ன பண்ணும்? அந்தத் தட்டப் பார்த்துட்டு ஒரு அம்மா அவங்களாவே சொன்னாங்க, நான் மூணு சொம்புத் தண்ணி குடிச்சிருக்கேன், அத எப்படித் தட்டுல வைக்கிறதுன்னு. அரை மணி நேரம் உட்கார வச்சு, பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி, அப்புறம் ஏத்தினோம்.

உங்க தாள்ல எத்தனையோ கேள்வி இருக்கு, மருந்து நம்மளத் தொடக் கூடாதுங்குறதுக்கு. நல்லது. தப்பான எடைக்கு மருந்து போயிடக் கூடாதுங்குறதுக்கு இந்த ஊர்ல இருக்குறது இந்தத் தட்டு ஒண்ணுதான். அதத் தேவையற்ற பொருள்னு எழுதிட்டீங்க. தேவைன்னு நீங்களே அடிச்சுத் திருத்திட்டா குறைஞ்சா போயிடுவீங்க?

ஏன் இவ்வளவு பேசுறேன்னா? அப்படிக் கேளுங்க. பயிற்சிக்கு வந்த பொண்ணுக்கு என்ன வந்துச்சுன்னுதானே? பயிற்சிக்கு என் கூடப் படிக்கிறவங்க எல்லாம் பெரிய பெரிய ஆஸ்பத்திரியா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நான் இத எழுதிக் குடுத்துக் கெஞ்சி வாங்கினேன். எங்க புரொபசருக்கு இப்படி ஒரு ஊர் இருக்குறதே தெரியாது.

டிரைவரண்ணன் ஹாரன் அடிக்கிறாரு. டயர் மாத்திட்டாரு போல. பரவாயில்ல, ரெண்டு நிமிஷம்.

அந்த பெஞ்சுல ஓரமா, தலையில நீலத் துணி கட்டிக்கிட்டு, நம்ம ரெண்டு பேரையும் முறைச்சுப் பார்த்துக்கிட்டே ஒருத்தங்க இருக்காங்கள்ல? காலையிலேருந்து இவ யாருகிட்ட வாயாடிக்கிட்டிருக்கான்னு பார்க்குறாங்க. நாளைக்கு முதல் நாற்காலி அவங்களுக்கு. எங்கம்மா சார். அந்தத் தையல் நான் போட்டதுதான். ஊசி நூலு சரியா வராது எனக்கு, ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன், கல்லு கீழ விழுந்துடக் கூடாதுன்னு ரெட்டையா. மறுநாள் எனக்குப் பரிட்சை. எடைக்கு ஏத்த அளவு எப்படிப் போடுறதுங்குற கேள்விக்கு முழு மார்க்.

யாருதுன்னு கேக்கக் கூடாதுன்னுதான் இங்க சட்டம். சொல்லக் கூடாதுன்னு இல்ல.

சிஸ்டர் வந்துட்டாங்க. எடை பார்க்கக் கூப்பிடுறாங்க, அம்மா எந்திரிச்சுட்டாங்க. உங்க பேனாவ விட்டுட்டுப் போகாதீங்க, இந்தாங்க. வாங்க சார், நீங்களே பக்கத்துல நின்னு நம்பரப் படிங்க. நாப்பத்தி ஏழு வந்தா, ஒரு கிலோ நிஜமாவே ஏறியிருக்காங்கன்னு அர்த்தம். கல்லு ரெண்டும் தட்டுலதான் கிடக்கு.